கையெழுத்துப் போடாத லயம்

என் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"டீச்சர், உலகக் கோர்ட்டுக்கு மனு எழுதணும்னா எந்த அட்ரஸுக்கு எழுதுறது?"

நிக்கோபாரின் கச்சல் தீவில் எனக்கு முதல் வேலை பள்ளிக்கூடம், இரண்டாவது வேலை மனு எழுதுவது. தகரத்துக்கு, தண்ணீர்க் குழாய்க்கு, கப்பல் டிக்கெட்டுக்கு, ரப்பர் தோட்டத்தில் நின்றுபோன வேலைக்கு என்று எத்தனையோ எழுதியிருக்கிறேன். டீச்சர் எழுதிய மனு காரியம் முடியாமல் திரும்பாது என்று தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. ஆனாலும் உலகத்துக்கு இதுவரை எழுதியதில்லை.

"எந்த உலகக் கோர்ட்டு அக்கா?"

"ரேடியோவுல சொன்னாங்க. சண்டையில பண்ணுன அநியாயத்தை விசாரிக்க வெளிநாட்டுல ஒரு கோர்ட்டு இருக்காம். மந்திரியா இருந்தாலும் கூப்பிட்டு நிறுத்துமாம். தம்பி கதைய அங்க எழுதிப் போட்டுரணும்."

இலங்கையில் போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை அப்போது.

அக்கா எனக்குக் கூடப்பிறந்தவர் இல்லை. எங்கள் இரண்டு குடும்பமும் இலங்கை மலையகத்தில் ஒரே தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவை. எங்களை இந்தியாவுக்கு அனுப்பியபோது இரண்டு அரசாங்கங்களும் ஆட்களைத் தலை எண்ணிப் பிரித்துக்கொண்டன. ஒரே வீட்டில் பிறந்தவர்களில் ஒருவருக்கு இந்தியா கிடைத்தது, ஒருவருக்கு இலங்கை. அக்கா கணவரோடு கப்பலேறிக் கடைசியில் இந்தத் தீவின் ரப்பர் மரங்களுக்கு வந்து சேர்ந்தார். தம்பி அங்கேயே தங்கிவிட்டார். பிறகு மலையில் கலவரம் வந்தபோது வடக்கே வன்னிக்குப் போய் காணி திருத்தி விவசாயம் பார்த்தார். அக்காவின் கணவரைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. பிள்ளைகள் இல்லை. அந்தத் தம்பி ஒருவர்தான் அவருக்கு உறவென்று மிச்சம்.

போர் முடிந்த மே மாதம் அந்தத் தம்பி மனைவியோடு நடந்து வந்து ராணுவத்திடம் தன்னை ஒப்படைத்திருக்கிறார். இருவரையும் ஒரு பஸ்ஸில் ஏற்றியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பஸ் எங்கே போனது என்று தெரிந்தவர்கள் இல்லை. அகதி முகாமிலிருந்து ஒரு ஒன்றுவிட்ட சகோதரி இதையெல்லாம் கடிதத்தில் எழுதியிருந்தார். தம்பி உயிரோடு இருக்கிறாரா இல்லையா, அக்காவுக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும். அந்தப் பதிலை வாங்கித் தரக்கூடிய கோர்ட்டு எதுவானாலும் சரி.

அந்தக் கடிதம் அக்கா கைக்கு வந்ததே ஒரு கதை. அது அக்காவின் பழைய அறைக்கு, நாற்பத்தியொன்றாம் நம்பர் காம்பராவுக்கு, வந்தது. அக்கா அப்போது அங்கே இல்லை, என் சமையலறையில் இருந்தார். நாற்பத்தியொன்றில் குடியிருந்தவர்கள் கடிதத்தை வாங்கிக் கூரைக் கம்பியில் செருகிவிட்டு, அக்கா தங்கள்மேல் வழக்குச் சொன்ன கோபத்தில் சொல்லாமல் இருந்துவிட்டார்கள். இருபது நாள் கழித்து அந்த வீட்டு மருமகள் தண்ணீர்க் குழாயடியில் வைத்து, முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே பயம். தம்பிக்குத் தெரிந்த விலாசம் அந்த நம்பர்தான். எங்கிருந்தாவது ஒரு நாள் அவர் எழுதினால் கடிதம் அங்கேதான் போகும்.

அக்கா ஏன் நாற்பத்தியொன்றில் இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் எனக்கு வசதி.

அலைக்குப் பிறகு அரசாங்கம் மேட்டில் வரிசையாகத் தகரக் கொட்டகைகள் போட்டு, சிவப்புப் பெயிண்டில் நம்பர் எழுதிக் கொடுத்தது. அதிகாரிகள் ஷெல்டர் என்றார்கள். நாங்கள் ஒவ்வொரு அறையையும் காம்பரா என்றோம், வரிசையை லயம் என்றோம். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் ஆட்கள் நூறு வருடத்துக்கு மேல் இருந்த வீட்டுக்கு அதுதான் பெயர். கடலைத் தாண்டி, சுனாமியையும் தாண்டி அந்தச் சொற்கள் எங்களோடு வந்துவிட்டன. கூடவே தலைவரும் வந்தார்.

லயத்துக்கு ஒரு தலைவர். சண்டை, சச்சரவு, கல்யாணப் பேச்சு எல்லாம் அவர் வாசலில்தான். லயத்து வழக்கு லயத்தைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் சட்டம். அது முட்டாள்தனமாகப் பிறந்ததில்லை. தோட்டத்தில் ஒரு சண்டை வெளியே தெரிந்தால் துரையின் காதுக்குப் போகும். துரை காதுக்குப் போனால் அடித்தவனுக்கும் வேலை போகும், அடிபட்டவனுக்கும் வேலை போகும். அதனால் உள்ளுக்குள்ளேயே பேசி முடித்தார்கள். தோற்றவர் கூட்டத்துக்கு வந்த எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். குடித்து முடித்தால் வழக்கும் முடிந்தது, அதற்குமேல் யாரும் அதைப் பேசக் கூடாது. துரையே இல்லாத தீவுக்கு வந்த பிறகும் நாங்கள் அதை விடவில்லை.

எங்கள் தலைவர் கெட்டவர் இல்லை. அலை வந்த காலையில் எங்களை மேட்டுக்கு விரட்டி ஏற்றியவர் அவர்தான். என் அம்மாவை முதுகில் சுமந்து ஏறினார். அதற்குப் பிறகு அவரை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

மேட்டில் நாலு லயம் இருந்தது. எங்களுடையது, வங்காளிகளுடையது, தெலுங்குக்காரர்களுடையது, ராஞ்சிக்காரர்களுடையது. காம்பரா தகராறு, தண்ணீர்த் தகராறு எல்லாவற்றையும் விசாரிக்க நாலு லயத்துக்கும் பொதுவாக ஒரு கமிட்டி போடலாம் என்று நிவாரண அதிகாரி ஒருவர் சொன்னார். லயத்துக்கு இரண்டு பேர் உட்காருவார்கள். முதலில் அவரவர் லயத்தில் பேசிப் பார்க்க வேண்டும். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் மட்டும் கமிட்டிக்கு வரலாம். சேர விரும்பும் லயம் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று லயம் போட்டது. நாங்கள் போடவில்லை. ஏன் போடவில்லை என்பதற்குத் தலைவர் ஒரு கடிதம் கேட்டார், நான் எழுதினேன்.

அதைப்போல ஒரு கடிதத்தை நான் அதற்கு முன்பும் எழுதியதில்லை, பின்பும் எழுதியதில்லை. சுத்தமான இந்தி. எங்கள் வழக்கைத் தீர்க்க எங்களிடமே ஆள் இருக்கும்போது வெளியார் எதற்கு என்று தொடங்கினேன். யாரும் புகார் கொடுக்காமலே எந்த வழக்கையும் கமிட்டிச் செயலாளர் தானாகக் கையிலெடுக்கலாம் என்று ஒரு விதி இருந்தது, அது எங்களைக் குறிவைக்க உதவும் என்றேன். அதிகாரி நினைத்தால் எந்த வழக்கையும் கமிட்டிக்கு அனுப்பலாம், எந்த வழக்கையும் நிறுத்திவைக்கலாம், ஆனால் அவர் எந்த லயத்திலும் குடியிருப்பவர் இல்லையே, அவரை யார் விசாரிப்பது என்று கேட்டேன். மற்றவர்கள் எங்கள் குழாயை உடைத்ததெல்லாம் குற்றப் பட்டியலில் இல்லை, எங்கள் வீட்டுக்குள் நடப்பது மட்டும் இருக்கிறது என்று முடித்தேன். அதிகாரி படித்துவிட்டு, "கிஸ்னே லிக்கா?" என்று கேட்டாராம். யார் எழுதியது என்று அவர் கேட்டதைத் தலைவர் வந்து சொன்னபோது எனக்கு இரண்டு நாள் கால் தரையில் படவில்லை.

இது நடந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு அக்கா வயிற்று ஆபரேஷனுக்காகப் போர்ட் பிளேயர் போனார். திரும்பி வர ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தும் வானிலை கெட்டு இரண்டு கப்பல் நின்றுபோனது. மூன்றாம் மாதம் வந்து பார்த்தால் நாற்பத்தியொன்றில் தலைவரின் மகன் குடியிருக்கிறான், புது மனைவியோடு. அக்காவின் பாத்திரங்கள் சாக்கில் கட்டி வெளியே இருந்தன.

ஞாயிறு மதியம் தலைவர் வாசலில் கூட்டம். தீர்ப்புச் சொன்னவரும் தலைவர்தான், பிரதிவாதியின் அப்பாவும் அவர்தான்.

"மூணு மாசமா பூட்டிக் கெடந்த காம்பரா. பிள்ளைத்தாச்சிப் பொண்ண வெளியில தள்ளச் சொல்றியா? நீ ஒத்த ஆளு. டீச்சர் வீட்டுல இருந்துக்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். இடம் கொடுக்கத்தான் தலையாட்டினேன் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். தோற்றவர் என்பதால் அக்கா போய் அடுப்பை மூட்டி, இருபது பேருக்குத் தேத்தண்ணி ஊற்றினார். வயிற்றுத் தையல் இன்னும் சரியாக ஆறவில்லை. எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. குடித்தேன். சீனி சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் அக்கா யாரிடமும் சொல்லாமல் பொதுக் கமிட்டிக்குப் போனார். செயலாளர் ஒரு வங்காளித் தச்சர், பொறுமையானவர். "தீதி, ஆப்கா லைன் கமிட்டி மே நஹீ ஹை," என்று சொல்லி, உங்கள் லயம் சேரவில்லையே, நான் எப்படி விசாரிக்க முடியும் என்று கையை விரித்துவிட்டார். ஃபைலைத் திறந்து எங்கள் மறுப்புக் கடிதத்தையும் காட்டினாராம். அக்கா திரும்பி வந்து இவ்வளவையும் சொன்னார். கடிதத்தை எழுதியது யார் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அக்காவுக்கு இந்தி படிக்கத் தெரியாது என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன்.

ஆக, உலகக் கோர்ட்டுக்கு மனு எழுதச் சொல்லி அக்கா கேட்டபோது அவர் என் சமையலறைக்கு வந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது.

விலாசம் தெரிந்துவந்து எழுதுகிறேன் என்றேன். அடுத்த மாதம் ஆசிரியர் பயிற்சிக்காகப் பத்து நாள் போர்ட் பிளேயர் போக வேண்டியிருந்தது. மாலையில் நூலகத்தில் உட்கார்ந்தேன். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் என்று ஒன்று நெதர்லாந்தில் ஹேக் நகரத்தில் இருப்பது உண்மைதான். இனப்படுகொலை, போர்க் குற்றம், மனித குலத்துக்கு எதிரான குற்றம், இவற்றைச் செய்தவர் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் அது விசாரிக்கும். ஆனால் அந்தக் கோர்ட்டின் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாட்டு மண்ணில் நடந்திருக்க வேண்டும், அல்லது சேர்ந்த நாட்டுக்காரர் செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐ.நா. பாதுகாப்புச் சபை அனுப்பிவைக்க வேண்டும். இலங்கை சேரவில்லை. அக்கா குடியிருக்கும் இந்தியாவும் சேரவில்லை. அமெரிக்கா, சீனா என்று சேராத பெரிய வீடுகள் நிறைய இருந்தன.

ஏன் சேரவில்லை என்று தேடினேன். அதைத் தேடாமல் இருந்திருக்கலாம். எங்கள் நாட்டில் நல்ல நீதிமன்றங்கள் இருக்கும்போது வெளியார் எதற்கு என்று ஒரு காரணம். வழக்குத் தொடுப்பவர் யாரும் கேட்காமலே தானாக விசாரணை தொடங்கலாம், அதை அரசியலுக்குப் பயன்படுத்துவார்கள் என்று இன்னொன்று. பாதுகாப்புச் சபை எந்த வழக்கையும் அனுப்பலாம், நிறுத்தியும் வைக்கலாம், ஆனால் அந்தச் சபையில் இருப்பவர்களிலேயே சிலர் ஒப்பந்தத்தில் சேராதவர்கள், அவர்களை யார் விசாரிப்பது என்று மூன்றாவது. அணுகுண்டும் பயங்கரவாதமும் பட்டியலில் இல்லை, உள்நாட்டுச் சண்டை மட்டும் இருக்கிறது என்று நாலாவது. வெளிநாடுகளில் ராணுவம் வைத்திருக்கும் நாடுகளுக்கு, தங்கள் சிப்பாய்களை யாரோ கூண்டில் ஏற்றிவிடுவார்கள் என்ற கவலை வேறு.

முகம் சுட்டது எனக்கு. யாரோ என் கடிதத்தைத் திருடி உலகச் சபையில் வாசித்துவிட்டதைப் போல இருந்தது. ஒழுங்கு வரிசைகூட மாறவில்லை.

இதில் சங்கடம் என்னவென்றால் அந்தக் காரணங்களில் எதுவும் பொய் இல்லை. சின்ன நாட்டுக்காரர்களைப் பிடிப்பதும் பெரிய நாட்டுக்காரர்களை விடுவதும் நடக்கத்தான் செய்யும். துரைக்குப் பயந்த எங்கள் தாத்தாக்கள் கோழைகளும் இல்லை. காரணம் எல்லாம் நியாயமாக இருந்தது, அந்த நியாயத்தின் மறைவில் தலைவரின் மகன் நாற்பத்தியொன்றில் குடியேறிவிட்டான். கடிதம் எழுதியபோது நான் தலைவரை நினைத்து எழுதினேன், லயத்தின் மானத்தை நினைத்து எழுதினேன், என் இந்தியை நினைத்தும் எழுதினேன். தலைவரே தப்பு செய்தால் லயத்துப் பெண் எங்கே போவாள் என்று ஒரு வரிகூட யோசிக்கவில்லை.

கச்சலுக்குத் திரும்பிய அன்று பிற்பகல் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இலங்கை கையெழுத்துப் போடவில்லை, இந்தியாவும் போடவில்லை, அதனால் கோர்ட்டு நம் மனுவை எடுக்க வழியில்லை என்றேன். நாடுகள் சொல்லும் காரணங்களையும் ஒன்றொன்றாகச் சொன்னேன். அக்கா அரிசியில் கல் பொறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் சுளகைக் கீழே வைத்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க," என்றார். "அவங்களுக்கும் ஒரு டீச்சர் இருந்திருப்பாங்க போல."

குரலில் கோபமே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"எழுத்துப் படிக்கத் தெரியாதுன்னா கையெழுத்தும் தெரியாதா டீச்சர்? ஒங்க எழுத்து எப்பவும் ஜோராத்தான் இருக்கும்."

ஒரு வருடமாகத் தெரிந்துகொண்டே என் வீட்டில் வெங்காயம் உரித்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அக்கா சமாதானம் சொல்லவில்லை. எழுந்து உலை வைக்கப் போனார். எனக்கு அது சரி என்றுதான் பட்டது.

மறுநாள் பள்ளி விட்டதும் உட்கார்ந்து இன்னொரு கடிதம் எழுதினேன். கமிட்டியில் சேர்ந்துகொள்கிறோம் என்று மூன்று வரி. அலங்காரம் ஒன்றும் இல்லை. முதல் கையெழுத்து என்னுடையது. காம்பரா காம்பராவாகப் போனேன். பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சிலர், தலைவர் உங்க அம்மாவைத் தூக்கிட்டு ஏறுனத மறந்துட்டீங்களா என்றார்கள். மறக்கவில்லை என்றேன். ஒரு வாரத்தில் பாதிக்குமேல் சேர்ந்துவிட்டது. கடைசியில் தலைவரிடமும் போனேன். கடிதத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"அதுல இருந்ததும் ஒங்க எழுத்து, இதுல இருக்கிறதும் ஒங்க எழுத்து. நான் எதம்மா நம்புறது?"

"மொத கடிதம் தப்புங்கய்யா," என்றேன். அவர் கையெழுத்துப் போடவில்லை. கடிதத்தைக் கிழிக்கவும் இல்லை, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பாதிக்குமேல் கையெழுத்து இருந்ததால் கமிட்டி எங்களைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் அக்காவின் வழக்கை எடுத்ததும் தெலுங்கு லயத்துப் பிரதிநிதி ஒரு விதியைக் காட்டினார். ஒரு லயம் சேர்ந்த நாளுக்கு முன்னால் நடந்ததைக் கமிட்டி விசாரிக்கக் கூடாது. ஹேக் கோர்ட்டிலும் இதே விதி இருப்பதை நான் படித்திருந்தேன். செயலாளர் அக்காவைப் பார்த்து, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று இந்தியில் கேட்டார். அக்கா தமிழில் சொல்ல, நான் மொழிபெயர்த்தேன்.

"காம்பராவ எடுத்தது அன்னைக்கி. சரி. நான் இன்னைக்கும் காம்பரா இல்லாமத்தானே நிக்கிறேன்? இன்னைக்கி நடக்கிறத விசாரிங்க."

மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும்போதே, அக்கா தம்பியைப் பற்றியும்தான் பேசினார் என்று எனக்குத் தோன்றியது. பஸ்ஸில் ஏற்றியது அந்த மே மாதத்தில். காணாமல் போனவர் இன்றைக்கும்தானே காணாமல் இருக்கிறார். கமிட்டிக்காரர்கள் தங்களுக்குள் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வழக்கை எடுத்துக்கொண்டார்கள். தலைவரின் மகனுக்கு வங்காளி லயத்தின் ஓரத்தில் காலியாக இருந்த காம்பராவைக் கொடுத்து, நாற்பத்தியொன்றை அக்காவுக்குத் திருப்பினார்கள். தலைவர் எழுந்து போனார். அன்று தேத்தண்ணி கிடையாது. பொதுக் கமிட்டிக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அக்கா குடிபோன அன்றே உலகக் கோர்ட்டுக்கும் மனு எழுதினோம். எடுக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் எழுதினோம். அனுப்புநர் இடத்தில் ஷெல்டர் நம்பர் நாற்பத்தியொன்று என்று போடச் சொல்லி அக்கா பக்கத்தில் நின்று பார்த்தார். பல மாதம் கழித்து ஒரு பதில் வந்தது. உங்கள் கடிதம் கிடைத்தது, இது எங்கள் அதிகார எல்லைக்குள் வருவதாகத் தெரியவில்லை என்று மரியாதையாக இரண்டு பத்தி. நேராக நாற்பத்தியொன்றுக்கு வந்தது. தபால் ஒழுங்காக வருகிறது என்பதில் அக்காவுக்கு அன்று திருப்தி.

நாடுகளுக்காக அந்தக் காரணங்களை எழுதிக் கொடுத்தவர்களை நான் திட்டுவதில்லை. என்னைப்போல நல்ல எழுத்துக்காரர்களாக இருந்திருப்பார்கள். எனக்கும் அவர்களுக்கும் ஒரே வித்தியாசம்தான். என் கடிதத்தால் தெருவில் நின்றவர் ஒரு வருடம் என் சமையலறையில் படுத்திருந்தார்.

பிறகு நிரந்தர வீடுகள் கட்டி முடிந்து எல்லாரும் மாறினோம். அக்காவுக்குக் கிடைத்த வீட்டுக்கு வேறு நம்பர். பழைய கொட்டகையைப் பிரித்தபோது தலைவரின் மகனே வந்து, நம்பர் எழுதிய தகரத்தை மட்டும் சதுரமாக வெட்டி, புது வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியடித்துக் கொடுத்தான். ஒரு வீட்டுக்கு எதற்கு இரண்டு நம்பர் என்று தபால்காரர் கேட்டார்.

"புதுசு கவர்மென்ட்டுக்கு," என்றார் அக்கா. "பழசு தம்பிக்கு."

இரண்டு நாடும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. உப்புக் காற்றில் தகரம் வருடத்துக்கொரு தரம் மங்கிப்போகும், திரும்பவும் சிவப்புப் பெயிண்டில் எழுத வேண்டும். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அந்த வேலை எனக்கு.